மறைத்து வைக்கும் தலைப்பு வேண்டாம், விஷயத்தைச் சொல்லும் தலைப்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வலைப்பதிவு எழுதுபவர்கள் தலைப்பு வைப்பது எப்படி என்று உங்கள் இணைப்பிதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. புதிதாக எழுத வருபவர்களை மனதில் வைத்து ஒரு பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. தலைப்பைப் பற்றி யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை. கட்டுரைக்காக நாள் கணக்கில் உழைத்தவர்கூட, வெளியிடும் பொத்தானை அழுத்துவதற்கு முந்தைய நிமிடத்தில்தான் தலைப்பை யோசிக்கிறார். ஆனால் அந்தக் கட்டுரை சொன்ன முதல் யோசனையே தப்பு என்று நினைக்கிறேன். விஷயத்தைத் தலைப்பில் சொல்லிவிடாதீர்கள், பாதியை மறைத்து வையுங்கள், அப்போதுதான் வாசகர் உள்ளே வருவார் என்கிறது அது. பத்திரிகையில் வந்ததை நம்பி அப்படியே செய்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், இடம் போதாவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள்.

இணையத்தில் எழுதுபவர்களின் வரைவுகளைப் படித்துத் திருத்திக் கொடுப்பது என் வேலை. வரும் வரைவுகளில் பாதிக்கு மேல் தலைப்பு ஒரே அச்சில் இருக்கிறது. 'இத்தனை நாளா இது தெரியாம போச்சே!', 'இந்த ஒரு தவறை மட்டும் செய்யாதீங்க', 'கடைசியில் என்ன ஆச்சு தெரியுமா?', 'வெளியான அதிர்ச்சித் தகவல்', 'உஷார் மக்களே!', 'காரணம் இதுதான்'. இவற்றில் எதை எடுத்து எந்தக் கட்டுரையின் தலையில் வைத்தாலும் பொருந்தும். செல்போன் பற்றிய கட்டுரைக்கும் பொருந்தும், சிறுநீரகக் கல் பற்றிய கட்டுரைக்கும் பொருந்தும். எதற்கும் பொருந்துகிற தலைப்பு, அந்தக் கட்டுரையைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை என்றுதானே அர்த்தம்? உள்ளே இருப்பது பல நேரங்களில் நல்ல கட்டுரை. தேடிப் படித்து, விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டு, இரண்டு மூன்று முறை மாற்றி எழுதியது. அந்த உழைப்பு முழுக்க, ஊருக்கெல்லாம் பொதுவான ஒரு கூச்சலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது. என் ஆதங்கம் அதுதான்.

மறைத்து வை என்ற இந்த யோசனைக்கு ஆதாரமாக எப்போதும் சொல்லப்படுவது ஜார்ஜ் லோவன்ஸ்டைனின் ஆய்வு. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அவர் 1994-ல் ஆவலின் உளவியல் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். நமக்குத் தெரிந்ததற்கும் தெரிந்துகொள்ள விரும்புவதற்கும் நடுவில் ஓர் இடைவெளி இருப்பது கண்ணில் பட்டால் அங்கே ஆவல் பிறக்கிறது என்பது அதன் மையக் கருத்து. தலைப்பு எழுதக் கற்றுத்தருபவர்கள் இதில் இடைவெளி என்பதை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் அவர் சொன்னதில் இன்னொரு பாதியும் இருக்கிறது. ஒரு விஷயம் ஏற்கெனவே கொஞ்சம் தெரிந்தவருக்குத்தான் மிச்சம் தெரியவில்லையே என்ற தவிப்பு வரும், ஒன்றுமே தெரியாதவருக்கு அங்கே ஓர் இடைவெளி இருப்பதே தெரியாது. அப்படிப் பார்த்தால் தலைப்பின் முதல் வேலை மறைப்பது இல்லை, கொடுப்பது. கையில் எதையாவது கொடுத்தால்தான் மீதி எங்கே என்று கேட்கத் தோன்றும். ஒன்றும் கொடுக்காமல் 'என்ன தெரியுமா?' என்று கேட்டால், முதல் சில தடவை வேண்டுமானால் வாசகர் சொடுக்குவார், அப்புறம் கேள்வி காதில் விழாது.

இது வெறும் ஊகம் இல்லை, நடந்து பார்த்த விஷயம். 2012-ல் தொடங்கப்பட்ட அப்வொர்த்தி என்ற அமெரிக்கத் தளத்தில், ஒவ்வொரு பதிவுக்கும் 25 தலைப்பு எழுத வேண்டும் என்பது எழுதுபவர்களுக்கு விதியாகவே இருந்தது. அதில் சிலதைத் தேர்ந்தெடுத்து, ஒரு பகுதி வாசகர்களுக்கு ஒன்று, இன்னொரு பகுதிக்கு வேறொன்று என்று காட்டி, எதை அதிகம் பேர் சொடுக்குகிறார்களோ அதையே வைப்பார்கள். 'அடுத்து நடந்ததை உங்களால் நம்ப முடியாது' என்ற வகைத் தலைப்பு உலகம் முழுக்கப் பரவியது அந்தக் காலத்தில்தான். கொஞ்ச காலம் கூட்டம் அலைமோதியது உண்மை. 2014 ஆகஸ்டில் ஃபேஸ்புக் இந்த மாதிரித் தலைப்புகளின் வீச்சைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அப்போது அவர்கள் சொன்ன ஒரு தகவல் முக்கியமானது. தங்கள் பயனர்களிடம் கேட்டுப் பார்த்ததில், சொடுக்குவதற்கு முன்பே படிக்கலாமா வேண்டாமா என்று முடிவுசெய்ய உதவும் தலைப்பையே 80 சதவீத நேரம் மக்கள் விரும்பினார்களாம். அதோடு, சொடுக்கிப் போனவர் படிக்கிறாரா, போன வேகத்தில் திரும்பி வருகிறாரா என்பதையும் கணக்கில் எடுக்கத் தொடங்கினார்கள். அப்வொர்த்தியே அந்த ஆண்டு, சொடுக்குகளை எண்ணுவதைவிட வாசகர் எத்தனை நிமிடம் கவனம் செலுத்தினார் என்பதைத்தான் அளவுகோலாக வைப்போம் என்று அறிவித்தது. மறைத்து வைப்பதில் எல்லோருக்கும் முன்னால் நின்றவர்களே அப்படி மாறி 10 ஆண்டுக்கு மேலாகிவிட்டது, நாம் இன்னும் அந்தப் பழைய யோசனையையே புதிதாக எழுதுபவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

சரி, மறைக்காமல் கவனத்தை எப்படி இழுப்பது? கட்டுரையில் இருக்கும் மிகக் குறிப்பான விஷயத்தைத் தலைப்புக்குக் கொண்டுவருவதுதான் எனக்குத் தெரிந்த வழி. ஒரு வரைவை எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். செல்போனை இரவு முழுக்க சார்ஜில் போடலாமா என்பது பற்றி நன்றாக எழுதப்பட்ட கட்டுரை. தலைப்பு, 'தூங்கும்போது போனை சார்ஜ் போடுபவரா? இதைப் படிக்காம தூங்காதீங்க!' உள்ளே போனால், பேட்டரி நிறைந்ததும் இப்போதைய போன்கள் தாமாகவே சார்ஜ் ஏற்றுவதை நிறுத்திவிடுகின்றன, பேட்டரியின் ஆயுளை உண்மையில் குறைப்பது சூடு, தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் செய்தால் சூடு வெளியேற வழியிருக்காது என்று தெளிவாக இருக்கிறது. நான் எழுதிக்கொடுத்த தலைப்பு, 'சூடுதான் போன் பேட்டரிக்குப் பகை: தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் செய்யாதீர்கள்'. எழுதியவருக்கு ஒரு பயம், எல்லாவற்றையும் தலைப்பிலேயே சொல்லிவிட்டால் யார் உள்ளே வருவார்கள் என்று. நியாயமான பயம்தான். ஆனால் இந்தத் தலைப்பைப் படித்ததும் மனதில் என்னென்ன கேள்வி எழுகிறது என்று பாருங்கள். எவ்வளவு சூடு வரைக்கும் பரவாயில்லை? வேகமாக ஏற்றும் சார்ஜரில் போன் சூடாகிறதே, அது? வெயிலில் காருக்குள் வைத்துவிட்டுப் போனால்? இப்படிக் கேள்வியோடு உள்ளே வருபவர் கட்டுரையைக் கடைசி வரை படிப்பார். கேள்வி எதுவும் எழாதவர் தலையணை விஷயத்தையாவது தெரிந்துகொண்டு போகட்டுமே, அதில் நமக்கு என்ன நஷ்டம்?

இன்னொரு வகை, வாசகர் நம்பிக்கொண்டிருப்பதற்கு நேர் எதிராக ஓர் உண்மை கட்டுரையில் இருந்தால், அதை அப்படியே தலைப்பில் வைத்துவிடலாம். கடவுச்சொல்லை அடிக்கடி மாற்ற வேண்டும் என்றுதான் பலரும் இன்னும் நினைக்கிறார்கள். அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனம் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், கடவுச்சொல் திருடுபோனதாகத் தெரிந்தாலொழிய, குறித்த கால இடைவெளியில் மாற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்தத் தேவையில்லை என்று சொல்லிவிட்டது. 'கடவுச்சொல்லை மாதாமாதம் மாற்ற வேண்டாம், நீளமாக வையுங்கள்' என்று தலைப்பு வைத்தால் போதும். ஆச்சரியக்குறி வேண்டாம், அதிர்ச்சி வேண்டாம். அந்த வரியே வாசகரை நிறுத்திவிடும், ஏனென்றால் அது அவர் தினமும் செய்கிற ஒரு காரியத்தைத் தொடுகிறது.

தலைப்பிலேயே விஷயம் இருக்க வேண்டும் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு முக்கியமான காரணத்துக்கு வருகிறேன். பெரும்பாலானவர்கள் படிக்கப்போவது தலைப்பை மட்டும்தான். 2016-ல் கொலம்பியா பல்கலைக்கழகமும் பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனமும் சேர்ந்து செய்த ஆய்வில், ட்விட்டரில் பகிரப்பட்ட சுட்டிகளில் (லிங்க்) 59 சதவீதம் ஒருவராலும் சொடுக்கப்படவே இல்லை என்று தெரிந்தது. 2024-ல் வந்த இன்னொரு ஆய்வு, 2017 முதல் 2020 வரை ஃபேஸ்புக்கில் பகிரப்பட்ட மூன்றரைக் கோடிப் பொதுப் பதிவுகளை எடுத்துப் பார்த்தது. சுட்டியோடு செய்யப்பட்ட பகிர்வுகளில் ஏறத்தாழ 75 சதவீதம், அந்தச் சுட்டியைத் திறந்தே பார்க்காமல் செய்யப்பட்டவை. ட்விட்டர் 2020-ல், கட்டுரையைத் திறக்காமல் பகிரப் போகிறவரிடம் முதலில் படித்துவிட்டுப் பகிரலாமே என்று கேட்கும் ஒரு ஏற்பாட்டைச் சோதித்தது. அந்த ஒரு கேள்விக்கே, கட்டுரையைத் திறப்பது 40 சதவீதம் கூடியது என்று அவர்களே சொன்னார்கள். அதாவது மக்களுக்குப் படிக்கக் கூடாது என்று இல்லை, கை வேகத்தில் தலைப்போடு போய்விடுகிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் நீங்கள் வைக்கிற தலைப்பு, படிக்காமலே பகிரும் அத்தனை பேருக்கும் முழுக் கட்டுரை மாதிரி.

சரி, முழுக் கட்டுரையையும் படிப்பவருக்காவது உண்மை போய்ச் சேருமே என்று ஆறுதல்பட்டுக்கொள்ளவும் முடியவில்லை. மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் உல்ரிக் எக்கரும் உடன் ஆய்வாளர்களும் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், கட்டுரை சரியாக இருந்து தலைப்பு மட்டும் திசை மாறி இருந்தால் என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். கட்டுரையைப் படித்து முடித்த பிறகும், தலைப்பு போட்டுவைத்த எண்ணம் வாசகரின் நினைவையும் அவர் எடுக்கும் முடிவுகளையும் தன் பக்கம் இழுத்தது. தலைப்பில் பயமுறுத்திவிட்டு உள்ளே பத்தாவது பத்தியில் பயப்பட ஒன்றும் இல்லை என்று சொல்வது எவ்வளவு பெரிய தவறு என்று இதிலிருந்து புரிகிறது. அந்தப் பத்தாவது பத்தி தலைப்பை அழிப்பதில்லை.

உடல்நலம் பற்றி எழுதுபவர்கள் இதைக் கண்டிப்பாக மனதில் வைக்க வேண்டும். 2019-ல் ஜேம்ஸ் ஹெதர்ஸ் என்ற ஆய்வாளர் ட்விட்டரில் ஒரு கணக்குத் தொடங்கினார். இந்த மருந்து புற்றுநோயைத் தடுக்கிறது, அந்த உணவு மறதியைக் குறைக்கிறது என்று வரும் செய்திகளைப் பகிர்ந்து, மேலே 'எலிகளிடம்' என்று மட்டும் சேர்ப்பார். ஒரே சொல், அதைச் சேர்த்ததும் செய்தியின் எடையே மாறிவிடும். 2021-ல் வந்த ஓர் ஆய்வு இதை இன்னும் ஆழமாகப் பார்த்தது. எலிகளை வைத்துச் செய்த அல்சைமர் (மறதி நோய்) ஆய்வுக் கட்டுரைகள் 600-க்கு மேல் எடுத்து அலசினார்கள். ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே எலி என்ற சொல் விடுபட்டிருந்தால், அதை வைத்து எழுதப்படும் செய்தித் தலைப்புகளிலும் எலி காணாமல் போவது அதிகமாக இருந்தது. விஞ்ஞானி விட்ட ஒரு சொல்லைச் செய்தியாளர் விடுகிறார், அவர் விட்டதை வலைப்பதிவர் விடுகிறார், கடைசியில் வீட்டில் மறதி நோயாளியை வைத்துக்கொண்டிருக்கும் ஒருவர் அந்தத் தலைப்பைப் படித்து நம்பிக்கை வைக்கிறார். இந்தச் சங்கிலியில் கடைசி ஆளாக நிற்கும் நம்மால் அந்தச் சொல்லைத் திரும்பச் சேர்க்க முடியும்.

அடுத்தது, தமிழில் எழுதுபவர்களுக்கே உரிய சில சிக்கல்கள். ஆங்கிலத் தலைப்புகளுக்கான அறிவுரையை அப்படியே தமிழுக்கு மாற்றிப் போடும் கட்டுரைகள் எதிலும் இது வருவதில்லை, உங்கள் கட்டுரையிலும் இல்லை. தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. இல்லை, வேண்டாம், கூடாது, முடியாது எல்லாமே கடைசியில்தான். ஆனால் தேடல் முடிவிலும் செல்போன் திரையிலும் நீளமான தலைப்பின் கடைசிப் பகுதிதான் வெட்டுப்படும். 'பூண்டு சாப்பிட்டால் கொரோனா தொற்றாது என்பதற்கு ஆதாரம் இல்லை' என்று ஒருவர் பொறுப்போடு தலைப்பு வைக்கிறார் என்று வையுங்கள் (உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னதும் இதுதான்). திரையில் இடம் போதாமல் வெட்டுப்பட்டால் மிஞ்சுவது 'பூண்டு சாப்பிட்டால் கொரோனா தொற்றாது...' எழுதியவர் மறுக்க நினைத்ததையே தலைப்பு உறுதிப்படுத்திவிட்டது! ஆங்கிலத்தில் மறுப்பு முன்னாலேயே வந்துவிடுவதால் அவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு. நாம் தலைப்பில் வாக்கியத்தை மாற்றிப் போட்டுக்கொள்ள வேண்டும், 'ஆதாரம் இல்லை: பூண்டு கொரோனாவைத் தடுக்கும் என்ற பேச்சு' என்பதுபோல. பேசும்போது நாம் சாதாரணமாகவே அப்படிச் சொல்வோம், முடிவை முதலில் போட்டுவிட்டு விஷயத்தைப் பின்னால் சொல்வோம். அதனால் செயற்கையாகவும் இருக்காது.

அப்புறம் இந்த 'இந்த'. இந்த நடிகர், இந்தப் பழம், இந்த ஒரு செயலி, இவர்தான், இதுதான். சுட்டுச்சொல் எதையாவது சுட்டினால்தான் அதற்கு வேலை. முன்னால் எதுவுமே சொல்லாமல் 'இந்த' என்று தொடங்கினால் அது வாசகரைக் காக்கவைப்பதற்காக மட்டுமே இருக்கிறது. அந்த இடத்தில் பெயரை வையுங்கள், அந்தப் பெயரைத் தேடுபவருக்கு உங்கள் கட்டுரையும் கிடைக்கும், ஏனென்றால் தேடல் பெட்டியில் யாரும் 'இந்தப் பழம்' என்று தட்டுவதில்லை. இதைவிட எனக்கு அதிகம் கவலை தருவது 'ஆம்' விகுதி. வந்தாராம், நடந்ததாம், குணமாகுமாம். பேச்சில் இதற்கு ஒரு நியாயம் உண்டு, நான் நேரில் பார்க்கவில்லை, கேள்விப்பட்டேன் என்று நேர்மையாகச் சொல்வது அது. தலைப்பில் வரும்போது வேறு வேலை செய்கிறது. யார் சொன்னது என்று சொல்லாமலே ஒரு வதந்தியைத் தூக்கிப் போட்டுவிட்டு, நான் அடித்துச் சொல்லவில்லையே என்று கை கழுவிக்கொள்ள வழி செய்கிறது. சொன்னவர் யாரென்று தெரிந்தால் பெயரைப் போடுங்கள். தெரியாவிட்டால் அதை எழுதவே வேண்டாம் என்பேன்.

கேள்வித் தலைப்பும் அப்படித்தான். கேள்விக்குறியில் முடியும் எந்தத் தலைப்புக்கும் 'இல்லை' என்று பதில் சொல்லிவிடலாம் என்று இயன் பெட்டரிட்ஜ் என்ற பிரிட்டிஷ் தொழில்நுட்பப் பத்திரிகையாளர் 2009-ல் எழுதினார், அது அவர் பெயராலேயே ஒரு விதியாக நிலைத்துவிட்டது. தமிழில் இதற்கு ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. 'குணமாகுமா?', 'மூடப்படுகிறதா?' என்று 'ஆ' ஒலியில் முடியும் கேள்வி என்றால் சந்தேகப்படுங்கள். பதில் ஆம் என்றிருந்தால் எழுதியவர் அதைச் செய்தியாகவே சொல்லியிருப்பார். 'ஏன்', 'எப்படி', 'எது' என்று கேட்கும் தலைப்புகள் வேறு. கட்டுரை அந்தக் கேள்விக்கு உண்மையிலேயே பதில் சொல்கிறது என்றால், வாசகர் மனதில் அந்தக் கேள்வி ஏற்கெனவே இருக்கிறது என்றால், தாராளமாக வைக்கலாம்.

தொழில்நுட்பப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாம் வைக்கும் தலைப்பைக் கூகுள் எப்போதும் அப்படியே காட்டுவதில்லை, 2021 ஆகஸ்டிலிருந்து பக்கத்தில் உள்ள மற்ற தலைப்புகளையும் பார்த்துத் தானே ஒன்றைத் தேர்ந்தெடுப்பது கூடியிருக்கிறது. தலைப்பு பக்கத்தில் உள்ளதோடு ஒத்துப்போனால் மாற்றப்படும் வாய்ப்பு குறைவு. முக்கியமான பெயர்ச்சொல் முதல் சில சொற்களுக்குள் வந்துவிடட்டும், தமிழ் எழுத்துகள் அகலமானவை, அதனால் ஆங்கிலத்துக்குச் சொல்லப்படும் 60 எழுத்துக் கணக்கை நம்பாமல் உங்கள் போனிலேயே பார்த்துவிடுங்கள். இணைய முகவரியைத் தனியாகக் கவனிக்க வேண்டும். 'தலைப்பு' என்ற நான்கெழுத்துச் சொல், முகவரியில் குறியீடாக மாறும்போது 63 குறிகளாக நீண்டுவிடும், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பார்ப்பவர் ஏதோ வைரஸ் என்று மிரண்டு போவார். கூகுளின் வலைப்பதிவுத் தளமான பிளாக்கரில் வேறு பிரச்சினை, தமிழில் மட்டும் தலைப்பு வைத்தால் முகவரி வெறும் 'பிளாக் போஸ்ட்' என்றும் ஓர் எண்ணும்தான் வரும். இரண்டுக்கும் வழி ஒன்றுதான், முகவரியை மட்டும் ஆங்கில எழுத்துகளில் சுருக்கமாக நீங்களே கொடுத்துவிடுவது.

எண்களைப் பற்றி உங்கள் கட்டுரை, தலைப்பில் எண் இருந்தால் கவனம் கூடும் என்று பொதுவாகச் சொல்லிவிட்டது. எந்த எண் என்பதுதான் கேள்வி. '7 வழிகள்', '11 ரகசியங்கள்' என்பதில் உள்ள எண் எழுதியவர் வரிசை போட்டதன் கணக்கு, அதில் வாசகருக்கு ஒன்றும் இல்லை. அந்த 7-ஐ நிரப்புவதற்காகவே இரண்டு சொத்தை வழிகளைச் சேர்ப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். 'திறந்தே பார்க்காமல் செய்யப்படும் பகிர்வு 75 சதவீதம்' என்பதில் உள்ள எண் ஒரு கண்டுபிடிப்பு. அதைத் தலைப்பில் வைத்தால் அந்த எண்ணே கட்டுரையைத் தூக்கி நிறுத்தும்.

எதிர்மறைச் சொற்கள் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே உண்மை எனக்குச் சாதகமாக இல்லை. அப்வொர்த்தி செய்த ஆயிரக்கணக்கான தலைப்புச் சோதனைகளின் தரவு பின்னாளில் ஆய்வாளர்களுக்குக் கிடைத்தது. அதை வைத்து 2023-ல் வந்த ஓர் ஆய்வு, தலைப்பில் கூடும் ஒவ்வோர் எதிர்மறைச் சொல்லுக்கும் சொடுக்குவது சராசரியாக 2.3 சதவீதம் உயர்ந்தது என்று கண்டது. ஆபத்து, மோசம், நாசம் என்று எழுதினால் கூட்டம் கொஞ்சம் கூடத்தான் செய்யும், மறுக்க முடியாது. அதற்காக அதைச் செய்ய வேண்டும் என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆபத்தைப் பற்றிய கட்டுரைக்கு ஆபத்து என்ற சொல் தேவை, அங்கே தயங்காமல் போடுங்கள். ஆபத்தே இல்லாத கட்டுரைக்கு அந்தச் சொல்லைப் போட்டால், நிஜமான ஆபத்தை எழுதும் நாளில் உங்களிடம் சொல்வதற்குச் சொல் மிச்சம் இருக்காது. அந்த 2.3 சதவீதத்துக்காக அதை விட்டுக்கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பெரிய தளங்களைப் போல இரண்டு தலைப்பை ஓடவிட்டுச் சோதிப்பது சின்ன வலைப்பதிவுகளுக்குச் சரிப்படாது. சில நூறு பேர் படிக்கும் இடத்தில் ஒன்றுக்கு நான்கு சொடுக்கு கூடுதலாக வந்தால் அது தற்செயலாகத்தான் இருக்கும். அதைவிட நல்ல சோதனை ஒன்று இருக்கிறது, நான் எல்லோருக்கும் சொல்வது. கட்டுரையை முடித்த பிறகு பத்துத் தலைப்பாவது எழுதுங்கள். முதலில் வரும் மூன்று நான்கு எங்கேயோ படித்த தலைப்பாகத்தான் இருக்கும், அதைத் தாண்டிய பிறகுதான் உங்கள் கட்டுரைக்கான தலைப்பு வரும். அதில் பிடித்த ஒன்றை, கட்டுரையைப் படிக்காத ஒருவரிடம் வாசித்துக் காட்டி, உள்ளே என்ன இருக்கும் என்று நினைக்கிறீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்வதும் உங்கள் கட்டுரையில் இருப்பதும் ஒன்றாக இருந்து, இன்னும் கேட்க ஆசையாகவும் இருக்கிறார் என்றால் தலைப்பு சரி. அவர் வேறு எதையோ எதிர்பார்த்தால் தலைப்பை மாற்றுங்கள். பத்து எழுதியும் ஒன்றும் தேறவில்லை என்றால் பெரும்பாலும் குறை கட்டுரையில் இருக்கிறது, ஒரு விஷயத்தைச் சொல்லாமல் நாலைந்தைத் தொட்டுவிட்டுப் போயிருப்பீர்கள்.

சொந்த அனுபவமும் நினைவும் எழுதுபவர்களுக்கு இதெல்லாம் அப்படியே பொருந்தாது. அங்கே தலைப்பு தகவல் சொல்ல வேண்டியதில்லை, கட்டுரைக்குள்ளிருந்தே ஒரு சொற்றொடரை எடுத்து வைத்தால் போதும். ஆனால் அங்கேயும் அப்பாவின் மரணத்தைப் பற்றி மனம் கசிந்து எழுதிவிட்டு 'கண்ணீரை வரவழைக்கும் பதிவு' என்று மேலே போட வேண்டாமே. கண்ணீர் வருமா என்பதைப் படிப்பவர் பார்த்துக்கொள்வார்.

உங்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள். புதிதாக எழுதுபவர்கள் தலைப்பு வைக்கக் கற்றுக்கொள்வது அறிவுரைக் கட்டுரைகளைப் படித்து இல்லை, உங்களைப் போன்ற பத்திரிகைகளின் இணையதளத்தைப் பார்த்துத்தான். அச்சில் வரும் செய்திக்கு உங்கள் துணை ஆசிரியர்கள் வைக்கும் தலைப்பு எவ்வளவு கச்சிதமாக இருக்கிறது! யார், என்ன, எங்கே என்று ஒரே வரியில் தெரிந்துவிடுகிறது. அதே செய்தி இணையதளத்தில் 'என்ன நடந்தது தெரியுமா?' என்று மாறிவிடுகிறது. அச்சுத் தலைப்பையே இணையத்திலும் வையுங்கள், நீளத்துக்காக மாற்ற வேண்டியிருந்தால் அந்தத் துணை ஆசிரியரே மாற்றட்டும். இரண்டாவது, இணையத்தில் ஒரு தலைப்பு தவறு என்று தெரிந்து பிற்பாடு திருத்தினால், முன்பு என்ன இருந்தது, எப்போது மாற்றினோம் என்று செய்தியின் கீழே ஒரு வரி போடுங்கள். பழைய தலைப்போடு பகிர்ந்தவர்கள் அதைக் காட்டித் தங்கள் ஆட்களிடம் திருத்திச் சொல்ல முடியும்.

இணைப்பிதழில் தலைப்பு பற்றி மறுபடியும் எழுதுவதாக இருந்தால், வாசகர்கள் அனுப்பும் வலைப்பதிவுத் தலைப்புகளை எடுத்து உங்கள் துணை ஆசிரியர் ஒருவர் திருத்திக் காட்டினால் மிகவும் பயன்படும். திருத்துவதற்கு முன், திருத்திய பின் என்று பக்கத்தில் பக்கத்தில் போட்டு, ஏன் மாற்றினார் என்று இரண்டு வரி சேர்த்தால் போதும். வரைவுகள் வேண்டுமென்றால், எழுதியவர்களிடம் அனுமதி வாங்கி அனுப்பித் தர நான் தயார்.

அன்புடன்,
உங்கள் வாசகர்